நிறுத்தத்தில் மிச்சமாகும் ஐந்து நிமிடம்

"என்னோடு வேலை பார்ப்பவர்களில் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பெட்ரோல் விலைதான் காரணமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

பெட்ரோலுக்கும் பங்கு உண்டு. வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் கடுக்கிறது. இதெல்லாம் ஆளைக் காரிலிருந்து இறக்கும் காரணங்கள். இறங்கியவர் பஸ்ஸிலேயே தங்கிவிடுவது காத்திருப்பு குறைவதால்தான். ஓடும் பஸ்ஸில் கழியும் 10 நிமிடத்தைவிட, நிறுத்தத்தில் நிற்கும் 10 நிமிடம் மனதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். போக்குவரத்துத் திட்டமிடுவோர் கணக்குப் போடுவதும் அப்படித்தான்.

20 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் தடத்தில், நேரம் பார்க்காமல் வந்து நிற்பவர் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். கூட்டம் சேர்ந்து, வண்டிகளை இரட்டிப்பாக்கினால் இடைவெளி 10 நிமிடம், காத்திருப்பு 5. புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டுமா? பல வருடமாக அதே தடத்தில் போகிறவருக்கும் 5 நிமிடம் மிச்சம். அதைப் பார்த்து இன்னும் சிலர் வருவார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் 1972இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். இன்று இதற்குப் பெயரே மோரிங் விளைவு. நெரிசலான சாலையில் ஒரு கார் கூடினால் பின்னால் வரும் எல்லோருக்கும் தாமதம். பஸ்ஸுக்கு ஆள் கூடி, அதற்கேற்ப வண்டியும் கூடினால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இந்தச் சக்கரம் பின்னோக்கியும் சுழலும். ஆள் இல்லை என்று வண்டியைக் குறைத்தால் காத்திருப்பு நீளும், இருப்பவர்களும் போய்விடுவார்கள். நட்டக் கணக்கை மட்டும் பார்த்து பஸ்களை நிறுத்துவது தவறு என்றே சொல்வேன். மேம்பாலங்களுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது கூடுதல் பஸ்களுக்குத் தர வேண்டும்.

வண்டி கூடினால் மட்டும் போதாது, சீராகவும் வர வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒன்று வரவேண்டிய பஸ்கள் 18 நிமிடம், 2 நிமிடம் என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டிகளின் எண்ணிக்கை அதேதான். ஆனால் நிறுத்தத்துக்கு வரும் 10 பேரில் 9 பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் மாட்டுவார்கள். அவர்களுக்குச் சராசரி 9 நிமிடக் காத்திருப்பு. மீதி ஒருவருக்கு 1 நிமிடம். மொத்தச் சராசரி 5 அல்ல, 8.2 நிமிடம்.

இப்படி ஆவது ஓட்டுநரின் குற்றம் அல்ல. ஒரு வண்டி சிக்னலில் கொஞ்சம் பிந்துகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் அதிகம் சேர்ந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் படியேறச் சில வினாடிகள். வண்டி இன்னும் பிந்துகிறது, அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்ற ஆளே இல்லை. நிற்காமல் ஓடிவந்து முன்வண்டியைப் பிடித்துவிடுகிறது. முன்னது பிதுங்கி வழிய, பின்னது காலியாக, இரண்டும் ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான்.

பஸ்ஸுக்குத் தனிப் பாதை விட்டாலும், எல்லாக் கதவிலும் ஏற விட்டாலும் இந்தத் தொடர் தொடக்கத்திலேயே வலுவிழக்கும். இல்லாவிட்டால், பின்வண்டியை ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முன்வண்டி போன பிறகு நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கோ அது சரியான நேரத்தில் வந்த பஸ்.