டைம் சிக்னேச்சர் – தாளக்குறி: சொல் விளக்கம்

மேற்கத்திய இசைத்தாளில் முதல் வரியின் இடது ஓரத்தைப் பாருங்கள். ஐந்து கோடுகளின் மேல் இரண்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்: 4-க்குக் கீழே 4, 3-க்குக் கீழே 4, 6-க்குக் கீழே 8. இதற்குத்தான் டைம் சிக்னேச்சர் என்று பெயர்.

மேலே உள்ள எண், ஒரு பாருக்குள், அதாவது இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்குள், எத்தனை எண்ணிக்கை என்பதைச் சொல்கிறது. கீழே உள்ளது, அந்த எண்ணிக்கை ஒவ்வொன்றும் எவ்வளவு நீளமான நோட் (சுரக்குறி) என்பதை. 2 என்றால் அரை நோட், 4 என்றால் கால் நோட், 8 என்றால் அரைக்கால் நோட், 16 என்றால் வீசம். நம் பழைய பின்னச் சொற்கள் இங்கே அச்சாகப் பொருந்துவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் 3/4 என்பதைப் பின்னமாக நினைத்து 'முக்கால்' என்று படித்துவிடக் கூடாது. இசைத்தாளில் இரண்டு எண்களுக்கும் நடுவே பின்னக்கோடே கிடையாது.

சரி, பின்னம் இல்லையென்றால் 3/4-க்கும் 6/8-க்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் ஒரு பாருக்கு ஆறு அரைக்கால்தானே? வாயால் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். 3/4 என்பது 'தக தக தக'. 6/8 என்பது 'தகிட தகிட'. முதலாவதில் மூன்று இடத்தில் அழுத்தம் விழுகிறது, அடுத்ததில் இரண்டே இடத்தில். ஆறு அதே ஆறுதான், நடை வேறு.

சிக்னேச்சர் என்ற சொல்லின் வேர் லத்தீன். 'சிக்னம்' என்றால் அடையாளம், குறி. கையொப்பம் என்ற பொருளும் அதிலிருந்து கிளைத்ததுதான். இசையில் அது வரியின் தொடக்கத்தில் இடும் குறி. ஆகவே 'நேரக் கையொப்பம்' என்ற மொழிபெயர்ப்பு அடியோடு தவறு.

எண்கள் வருவதற்கு முந்தைய காலத்தில் வட்டம்தான் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வளர்ந்த எழுத்துமுறையில் மூன்றாகப் பிரிவதே முழுமை, அதற்கு முழு வட்டம். இரண்டாகப் பிரிவது குறை, அதற்கு ஒரு பக்கம் திறந்த வட்டம். அந்தத் திறந்த வட்டம் இன்றும் 4/4-க்குப் பதிலாக எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்து 'சி' போலத் தெரிவதால் 4/4-இன் ஆங்கிலப் பெயரான 'காமன் டைம்' என்பதன் முதலெழுத்து என்று பலரும் சொல்கிறார்கள். அது எழுத்தே இல்லை, உடைந்த வட்டம்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'காலக்குறி' வேண்டாம். நம் இசையில் முதல் காலம், இரண்டாம் காலம் என்றால் வேகம். டைம் சிக்னேச்சரோ வேகத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. அது டெம்போவின் வேலை. சிலப்பதிகாரத்தில் தாளத்துக்கு வரும் 'பாணி' அழகான சொல்தான், ஆனால் இன்றைக்கு அதைக் கேட்டால் ஸ்டைல் என்றே புரியும். 'தாளக்குறி' என்பதே சரி. பொருளும் நேராக வந்துவிடுகிறது, சொல்லவும் எளிது.

'குறி'யை விட்டுவிட்டு வெறும் 'தாளம்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. தாளம் என்பது சுழற்சி. தன் உட்பிரிவையும் சேர்த்தே வைத்திருக்கும். ஆதி தாளம் என்றதும் 8 அட்சரம் (எண்ணிக்கை) மட்டுமல்ல, 4+2+2 என்ற பிரிவும் கையில் வந்துவிடும். தாளக்குறிக்கு அவ்வளவு தெரியாது. 7/8 என்று எழுதினால் அது 2+2+3-ஆ, 3+2+2-ஆ என்று இசையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹங்கேரி இசையமைப்பாளர் பேலா பார்டோக் இதற்காகவே சில இடங்களில் மேல் எண்ணைக் கூட்டலாகவே எழுதினார்: 8-க்கு மேலே 4+2+3 என்று.