வீட்டுக்குள் வந்த வௌவால் ஏன் கண்ணாடியில் மோதுகிறது?

இரவில் அறைக்குள் வௌவால் வந்துவிட்டால் எப்படி வெளியே அனுப்புவது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதலில் துடைப்பத்தைக் கீழே வையுங்கள். மின்விசிறியை நிறுத்தி, உள்கதவுகளைச் சாத்தி, வெளிப்பக்க ஜன்னலை முழுதாகத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாக அசையாமல் நில்லுங்கள், பெரும்பாலும் தானாகவே போய்விடும். சரி, பக்கத்திலேயே திறந்த ஜன்னல் இருக்க, மூடிய கண்ணாடியில் போய்ப் போய் மோதுகிறதே, அது ஏன்?

பூச்சி தின்னும் சிறிய வௌவால்கள் எழுப்பும் ஒலி பெரும்பாலும் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல், நம் காதுக்கு எட்டாது. அந்த ஒலியின் எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்துத் தூரத்தை அறிகின்றன. மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் சுவரிலிருந்து அது திரும்பிவர ஒரு நொடியில் 50இல் ஒரு பங்கு போதும். நமக்குக் கேட்காவிட்டாலும் அது பலத்த கத்தல்தான், சொந்தக் காதே அடைத்துவிடாதா? கத்துவதற்குச் சற்று முன் நடுச்செவியின் குட்டித் தசை ஒன்று சுருங்கிக் காதை மந்தமாக்கும், எதிரொலி வருவதற்குள் தளர்ந்துவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். சொரசொரப்பான சுவரில் பட்ட ஒலி நாலாபக்கமும் சிதறும், அதில் கொஞ்சம் வௌவாலிடமே திரும்பும். வழவழப்பான கண்ணாடியோ, சாய்வாக வரும் ஒலியைச் சுவரில் சாய்வாக எறிந்த பந்து போல வௌவாலை விட்டு அப்பால் தள்ளிவிடும். எதிரொலியே வராத இடம் வௌவாலுக்குத் திறந்த வெளிதான். கிட்டே வந்த பிறகு சரியான எதிரொலி கிடைத்தாலும் திரும்ப நேரமிருக்காது. 2017இல் வெளியான ஒரு ஆய்வில், செங்குத்தாக நிறுத்திய வழவழப்பான தகட்டில் 21 வௌவால்களில் 19 மோதின. அதனால் மூடியிருக்கும் கண்ணாடிகளில் திரையை இழுத்துவிடுங்கள், துணியின் மடிப்புகள் கொஞ்சமாவது எதிரொலி தரும்.

வௌவால் ஒலியால் வழி அறிகிறது என்பது தெரியவே வெகுகாலம் ஆனது. 1790களில் இத்தாலிய அறிவியலாளர் ஸ்பல்லான்சானி, கண் தெரியாத வௌவாலும் தடையில்லாமல் பறப்பதைக் கண்டார். காதை அடைத்தால் தடுமாறுகிறது என்று ஜெனீவா மருத்துவர் ஜூரின் காட்டினார். ஆனால் கேளா ஒலியைப் பிடிக்கும் கருவியோடு அமெரிக்க விலங்கியலாளர் கிரிஃபின் 1938இல் வந்தபோதுதான் விடை கிடைத்தது. "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டு ஆராய்ச்சிக்கான நிதியை நிறுத்துபவர்கள் இந்த ஒன்றரை நூற்றாண்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வௌவால் தலைமுடியைப் பிடிக்கும், வீட்டுக்குள் வந்தால் கெட்ட சகுனம் என்பதெல்லாம் வீண் பயம். சிறிய அறையில் திரும்பும்போது வேகம் குறைந்து தாழ்கிறது, அவ்வளவுதான். வெறிநோய் (ரேபிஸ்) பற்றிய பயம் மட்டும் நியாயமானது. வெறுங்கையால் தொடாதீர்கள், கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள், கடித்ததை வெளியே விடுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். யாரையும் தொடாமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் தடித்த கையுறை போட்டு, ஒரு டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே கொண்டுபோகலாம். அப்புறம் தரையில் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான வௌவால்கள் உயரத்திலிருந்து விழுந்துதான் பறக்கத் தொடங்கும், ஆகவே டப்பாவை ஒரு மரத்தண்டில் சாய்த்துப் பிடியுங்கள், அதுவே மேலே ஏறிப் போய்க்கொள்ளும்.