புண்ணுக்குள் ஒரு சலவைப்பட்டறை

ஈரோட்டில் நர்சிங் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "முதல் உலகப்போர் நர்சுகளைப் பற்றி ஒரு படம் பார்த்தேங்க. கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடிப் பாட்டில் தொங்குது. அதிலிருந்து ரப்பர் குழாய்கள் நேராகப் புண்ணுக்குள்ளேயே போகுது. ராத்திரி பகலா நர்சுகள் வந்து கிளிப்பைத் திறந்து மூடறாங்க. குளுக்கோஸ் மாதிரித் தெரியலை. அது என்னங்க?"

சோடியம் ஹைப்போகுளோரைட். திருப்பூர்ச் சலவைப்பட்டறைகளில் ஒரு காலத்தில் பனியன் துணியை வெளுத்த அதே சரக்கு. துணி வெளுப்பதைப் புண்ணில் ஊற்றுவதா என்று பதறவேண்டாம். நியாயம் இருக்கிறது.

அந்தப் போரில் பதுங்குகுழிகளை வெட்டியது விளைநிலத்தில். காங்கேயத்துப் பட்டியானாலும் பெல்ஜியத்துப் பிளாண்டர்ஸ் வயலானாலும், மாட்டுச்சாணம் விழுந்த மண்ணில் கிளாஸ்டிரிடியம் இனப் பாக்டீரியாக்களின் வித்துகள் இருக்கும். டெட்டனஸ், வாயு அழுகல் இரண்டுமே இந்த இனத்தின் வேலை. (இது தெரிந்தும் மண்வெட்டி பட்ட காலில் சாணத்தை அப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தொப்புள்கொடியில் சாணம் வைத்து எத்தனை பச்சைக் குழந்தைகளை இழந்தோம்! பிறந்த குழந்தைகளுக்கு வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக அறிவிக்க 2015 வரை ஆனது. "பாட்டி வைத்தியம்" என்று பெருமைப்படும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.)

குண்டுச் சிதறல் இந்த மண்ணையும் சட்டைத் துணியையும் தசையின் ஆழத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். ரத்தக்குழாய்கள் அறுந்து, அங்கே ஆக்சிஜன் வராது. காற்றில்லாத இடம்தான் கிளாஸ்டிரிடியத்துக்குச் சொர்க்கம். பென்சிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பிறக்காத காலம். கார்பாலிக் அமிலம் இருந்தது, ஆனால் அது கிருமியோடு சதையையும் பொசுக்கிவிடும்.

1915-ல் ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்துவிட்டு, பழைய ஹைப்போகுளோரைட்டுக்கே வந்து நின்றார். அவர் கண்டுகொண்டது இதுதான்: சலவைத் திரவத்தில் சதையை அரிப்பது பெரும்பாலும் குளோரின் இல்லை, கூடவே இருக்கும் காரம். ஆகவே போரிக் அமிலம் சேர்த்துக் காரத்தை அடக்கினார், செறிவை அரை சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். காரம் குறைந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஹைப்போகுளோரைட் அயனிகளில் ஒரு பங்கு ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறும். அயனிக்கு எதிர்மின்னேற்றம் இருப்பதால் பாக்டீரியாவின் சவ்வைத் தாண்டத் திணறும். மின்னேற்றம் இல்லாத அமில மூலக்கூறு சுலபமாக நுழைந்து, புரதங்களில் உள்ள கந்தக அணுக்களைத் தாக்கும். புரதம் உருக்குலைந்து கட்டியாகிவிடும், பாக்டீரியாவின் கதை முடிந்தது.

எனக்கு இதில் சொல்லி மாளாத சந்தோஷம் தருவது வேறொன்று. இதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தை நம் உடம்பே தயாரிக்கிறது!

ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. ஒரு பாக்டீரியாவைப் பிடித்ததும் நியூட்ரோஃபில் அதைச் சின்னப் பைக்குள் அடைத்துவிடும். பிறகு ஆக்சிஜனை எடுத்து, எலக்ட்ரானைத் திணித்து, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்கும். அதையும் உடம்பிலுள்ள உப்பின் குளோரைடையும் மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி சேர்க்கும். கிடைப்பது ஹைப்போகுளோரஸ் அமிலம். அந்த நொதியின் நிறம் பச்சை. சீழிலும் கெட்டிச் சளியிலும் தெரியும் பச்சைக்கு அதுவே முக்கியக் காரணம். ஒரு நியூட்ரோஃபிலைக் காயவைத்து எடை போட்டால் ஏறக்குறைய 5 சதவீதம் இந்த நொதிதான். திருப்பூர்ப் பட்டறைக்காரர்கள் ஹைப்போகுளோரைட்டில் தொடங்கிப் பிற்பாடு பெராக்சைடுக்கு மாறினார்கள். வெள்ளணு பெராக்சைடில் தொடங்கி ஹைப்போகுளோரைட்டில் முடிக்கிறது.

கவனியுங்கள், இந்த வேலைக்கு முதல் சரக்கே ஆக்சிஜன். ரத்தம் வராத கிழிந்த தசைக்குள் அது கிடையாது. வெள்ளணு போய்ச் சேர்ந்தாலும் கையில் ஆயுதமில்லை. அந்த இடத்துக்குத்தான் நர்ஸ் பாட்டிலிலிருந்து, வெளியில் தயாரித்த அதே வேதிப்பொருளை அனுப்பினார். டேக்கினுக்கு இது தெரியாது. அந்தப் பச்சை நொதியைப் பிரித்தெடுத்ததே 1941-ல்தான்.

குழாய் ஏற்பாடு அலெக்சிஸ் காரெலுடையது. 1912-ல் நோபல் வாங்கிய அறுவை மருத்துவர். முனையைக் கட்டி, பக்கவாட்டில் துளையிட்ட குழாய்களைப் புண்ணின் ஒவ்வொரு மூலைக்கும் செலுத்தினார். சொட்டுநீர் போட்ட விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சீழிலுள்ள புரதம் ஹைப்போகுளோரைட்டைச் சீக்கிரமே தின்றுவிடும் என்பதால் இரண்டு மணிக்கொரு தடவை திறந்துவிட வேண்டும். படத்தில் நர்சுகள் ஓயாமல் நடந்தது இதற்காகத்தான். சுற்றியுள்ள தோல் வெந்துபோகாமலிருக்க வாஸ்லின் தோய்த்த காஸ் துணியை வைத்தார்கள். அவ்வப்போது புண்ணிலிருந்து மாதிரி எடுத்து, நுண்ணோக்கியில் பாக்டீரியாவை எண்ணி வரைபடம் போட்டார்கள். கோடு கீழே இறங்கிய பிறகே தையல். பெருமை முழுவதும் காரெல், டேக்கின் என்ற இரண்டு பெயருக்குப் போனது. ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்தவர்களின் பெயர் எந்த மருந்திலும் இல்லை.

இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. இருநூறு பொருளைச் சோதித்துக் கடைசியில் சலவைத் திரவத்தைக் கொண்டுவருகிறேன் என்று யாராவது விண்ணப்பித்தால், இங்கே எந்தக் குழு கையெழுத்துப் போடும்? 'புதுமை எங்கே' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. பிரான்சின் போர் மருத்துவமனையில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், கண்ணாடிக் குழாயைச் சூடாக்கிக் கூர்மூலைகளை இழுத்துச் செயற்கைப் புண் செய்தார். கிருமிநாசினி அந்த இடுக்குகளுக்குள் போய்ச் சேரவில்லை, ஆனால் வெள்ளணுக்களைக் கொன்றது என்று காட்டினார். அவரே 1928-ல் பென்சிலினைக் கண்டார். இரண்டாம் உலகப்போரில் அது வந்ததும் குழாய்களுக்கு வேலை குறைந்தது.

முற்றிலும் மறையவில்லை. பல் மருத்துவர் வேர்ச் சிகிச்சையில் பல்லுக்குள் பீய்ச்சுவது பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட்தான். செத்த திசுவைக் கரைக்கும் அதன் குணம் அங்கே உதவுகிறது. வீட்டிலுள்ள பிளீச் பாட்டிலில் செறிவு ஏறக்குறைய 5 சதவீதம், டேக்கின் அளவைப்போலப் பத்து மடங்கு, காரமும் அடக்கப்படாதது. அதைக் கலக்கிப் புண்ணில் ஊற்றிப் பார்க்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளப் போங்கள்.