பேக்கேஜோடு சிட்டையும் அனுப்புங்கள்

காரைக்குடியில் ஒரு கல்லூரி லேப், சனிக்கிழமை மதியம். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு பெண் கேட்டார்: "சார், நீங்க குடுத்ததைக் காலையிலேர்ந்து ஓட்டிப் பார்க்கிறேன், ஏதோ கோப்பு இல்லைன்னே வருது. நான் எதையாவது அழிச்சிட்டேனா?"

அவர் எதையும் அழிக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. புள்ளியியல் கணக்குகளுக்கு ஆர் என்ற நிரல்மொழியில் பேக்கேஜ், அதாவது தேவையான நிரல்களின் தொகுப்பு, எழுதித் தருவதுதான் என் வேலை. அவருக்குக் கொடுத்த பேக்கேஜில் சில கணக்குகளுக்கு ஜிஎஸ்எல் என்ற சி மொழி லைப்ரரியை, வேறொருவர் ஏற்கெனவே எழுதிவைத்த நிரல் தொகுப்பை, பயன்படுத்தியிருந்தேன். லேபில் நெட் மெதுவாக இருந்ததால், என் மடிக்கணினியில் நிறுவியிருந்த கோப்புறையை அப்படியே பென்டிரைவில் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டேன். ஆர் இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு, ஓடிவிடும் என்று நம்பினேன். ஆனால் என்னுடையது உபுண்டு என்ற லினக்ஸின் 20.04 பதிப்பு, அதில் ஜிஎஸ்எல் 2.5, கோப்பின் பெயர் 'லிப்ஜிஎஸ்எல்.எஸ்ஓ.23' என்று முடியும், லேபில் 22.04, அங்கே ஜிஎஸ்எல் 2.7, அதே கோப்பு 27 என்று முடியும். கம்பைல் செய்தபோதே, அதாவது நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றியபோதே, 23 என்ற எண் என் பேக்கேஜுக்குள் பதிந்துவிட்டது. அங்கே போய் அதைத் தேடியது, இல்லை, நின்றுவிட்டது. ஒரு கோப்புக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டும் 'எல்டிடி' கட்டளையை டெர்மினலில் கொடுத்துப் பார்த்தால் அந்த வரிக்கு நேரே 'நாட் ஃபவுண்ட்' என்று நிற்கிறது. கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம், அவருக்கு ஒரு முழுக் காலைப்பொழுது போயிருந்தது. அந்தக் கணினியிலேயே, கம்பைல் செய்யத் தேவையான ஜிஎஸ்எல் கோப்புகள் கொண்ட 'லிப்ஜிஎஸ்எல்-டெவ்' நிறுவி, மூலநிரலிலிருந்து மறுபடி கம்பைல் செய்ததும் சரியாகிவிட்டது.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குச் சாமான் அனுப்பினால் கூடவே சிட்டை போகும், கரண்டி வரைக்கும் எழுதியிருப்பார்கள். பேக்கேஜுக்கு அந்தச் சிட்டைதான் டெஸ்கிரிப்ஷன் கோப்பு. அதில் மற்ற ஆர் பேக்கேஜ்களை 'இம்போர்ட்ஸ்' என்று எழுதினால் நிறுவும்போது அவை தானாக வந்துவிடும், ஆனால் ஜிஎஸ்எல் மாதிரி வெளி லைப்ரரிகள் வராது. அவற்றுக்கு 'சிஸ்டம்ரிக்வயர்மென்ட்ஸ்' என்று ஒரு வரி உண்டு. அது மனிதர் படிப்பதற்கான வெறும் எழுத்து, நிறுவும்போது ஆர் அதைச் சரிபார்ப்பதில்லை. அதனாலேயே பலரும் அதை எழுதாமல் விடுகிறார்கள், எழுதினாலும் 'ஜிஎஸ்எல்' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். உபுண்டுவில் 'லிப்ஜிஎஸ்எல்-டெவ்', இன்னொரு லினக்ஸான ஃபெடோராவில் 'ஜிஎஸ்எல்-டெவெல்' என்று ஊருக்கு ஒரு பெயர், எந்தப் பதிப்புக்கு மேல் வேண்டும் என்பதும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதினால் மட்டும் போதாது, கம்பைல் தொடங்கும் முன்பே சோதிக்க வேண்டும். அதற்குத்தான் நிறுவலின் தொடக்கத்திலேயே ஓடும் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட். 'பேக்கேஜ்-கான்ஃபிக்' என்ற கருவி வழியாக லைப்ரரி இருக்கிறதா, பதிப்பு சரியா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். இது இல்லாவிட்டால் கம்பைலர் கக்கும் வரிகளுக்கு நடுவே 'ஹெடர் கோப்பு இல்லை' என்ற ஒரு வரி எங்கோ புதைந்து கிடக்கும், கம்பைலரையே பார்த்திராத ஒருவர் அதை எப்படித் தேடி எடுப்பார்?

"லைப்ரரியையே பேக்கேஜுக்குள் வைத்துவிட்டால் தீர்ந்ததே" என்று கேட்பவர்கள் உண்டு. சில இடங்களில் அது சரிதான். 'ஆர்எஸ்க்யூலைட்' என்ற ஆர் பேக்கேஜ் தனக்கு வேண்டிய எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரியை உள்ளேயே சுமக்கிறது, 'ஸ்ட்ரிங்ஐ' என்ற பேக்கேஜ் எழுத்துகளைக் கையாளும் ஐசியூ லைப்ரரியைச் சுமக்கிறது. ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான கிரானின் விதியும் இதற்கு இடம் தருகிறது: முதலில் கணினியில் ஏற்கெனவே இருப்பதைத் தேடு, பதிப்பு பொருந்தினால் அதையே எடுத்துக்கொள், இல்லையென்றால் மூலநிரலை உள்ளே வைத்துக் கம்பைல் செய், அது ரொம்பப் பெரிதென்றால் குறிப்பிட்ட ஒரு பதிப்பை மட்டும் இறக்கு. ஆனால் உள்ளே வைத்த அன்றிலிருந்து அதைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு. 2022 மார்ச்சில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்து, தரவைச் சுருக்கும் லைப்ரரியான இசட்லிப்பின் 1.2.12 பதிப்பு வந்தது. இயங்குதளத்தின் இசட்லிப்பை நம்பியிருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் வழக்கமான அப்டேட்டோடு வந்துசேர்ந்தது, தனிப் பிரதி வைத்திருந்தவர்கள் தாங்களேதான் மாற்ற வேண்டியிருந்தது. உரிமத்தையும் பாருங்கள்: ஜிஎஸ்எல் இருப்பது ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில், உங்கள் பேக்கேஜின் உரிமமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். உள்ளே வைத்த நிரலின் உரிமையாளர் பெயர்களை டெஸ்கிரிப்ஷனில் போடுவது மரியாதை மட்டுமல்ல, கட்டாயம்.

விண்டோஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் தெரியாது, கிரான் தரும் தயார் பேக்கேஜ்களில் லைப்ரரியும் பொதுவாக உள்ளேயே இணைந்து வந்துவிடும். அடிபடுவது லினக்ஸ்காரர்கள்தான், அதாவது பல்கலைக்கழக லேப்களும் சர்வர்களும். அவர்களிடம் 'பாக்' என்ற கருவியைப் பற்றிச் சொல்லுங்கள், எந்தெந்தச் சிஸ்டம் லைப்ரரி வேண்டும் என்று அதுவே எடுத்துச் சொல்லும்.

அப்புறம், நம் கணினியில் ஓடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், என்றைக்கோ நிறுவி மறந்த லைப்ரரிகள் அதில் நிறைய இருக்கும். வெளியிடும் முன் வெறும் டாக்கர் கன்டெய்னர் ஒன்றில், அதாவது வேறெதுவும் நிறுவாத தனிச் சூழலில், நிறுவிப் பார்க்கிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நிரலை உட்கார்ந்து படித்தபோது, ஜிஎஸ்எல்லைக் கூப்பிட்ட மூன்று இடங்களில் இரண்டுக்கு ஆரிலேயே இருக்கும், தொகையீடு கணக்கிடும் 'இன்டகிரேட்' போதும் என்று தெரிந்தது, அவற்றை மாற்றிவிட்டேன். மூன்றாவதற்கு ஜிஎஸ்எல் வேண்டும், அதற்காகக் கான்ஃபிகரில் ஒரு செய்தி எழுதியிருக்கிறேன்: ஜிஎஸ்எல் கிடைக்கவில்லை, உபுண்டு என்றால் இந்தக் கட்டளை, ஃபெடோரா என்றால் இந்தக் கட்டளை, பிறகு மறுபடி நிறுவுங்கள். அந்தப் பெண்ணை நினைத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "உங்கள் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை, நீங்கள் எதையும் அழிக்கவும் இல்லை."