‘அவுட்ரீச்’: சென்றடைவா, தேடிச் செல்லும் பணியா?

சபை அறிவிப்புகளில் ‘சென்றடைவு ஊழியம்’ என்றொரு தொடர் அண்மைக்காலமாக வேர்பிடித்து வருகிறது. பூங்கா, சந்தை, பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களில் திருச்சபையார் மக்களைச் சந்தித்துப் பேசுவதையும் அவர்களுக்கு உதவுவதையும் குறிக்கும் ‘அவுட்ரீச்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக இது வைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஆக்கத்தை ஏற்க இயலாது.

‘அவுட்’ என்பது வெளி. ‘ரீச்’ என்பதன் பழைய பொருள் கையை நீட்டுதல். இக்கூட்டுச்சொல் தொண்டைக் குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். செயலோ மிகப் பழையது. 1739 ஏப்ரல் 2 அன்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரை ஒட்டிய திறந்தவெளியில் ஏறத்தாழ 3,000 பேருக்குப் பிரசங்கித்தார். அதற்கும் வெகு முன்பே, முதல் நூற்றாண்டு அப்போஸ்தலரான பவுல் அத்தேனே (ஏதென்ஸ்) நகரின் ‘சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடும்’ நாள்தோறும் உரையாடியதாக வேதாகமத்தின் அப்போஸ்தலருடைய நடபடிகள் 17ஆம் அதிகாரம் சொல்கிறது.

அதே அதிகாரத்தின் முடிவில் பவுலின் பேச்சைக் கேட்டுச் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொரு வேளை கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். இம்மூவகையினரில் பவுலின் செய்தி யாரைச் ‘சென்றடைந்தது’? கடைசி வகையினரை மட்டுமே என்று சொல்லலாம். ஆனால் அவருடைய பணி மூவகையினரையும் நோக்கியது. சென்றடைதல் என்பது தமிழில் பயணம் முடிந்ததைச் சொல்லும் வினை: கடிதம் உரியவரைச் சென்றடையும், நிவாரணம் பயனாளியைச் சென்றடையும். தெருமுனையில் கைப்பிரதியை நீட்டுகிறவருக்கு எதிரில் வருபவர் அதை வாங்குவாரா என்பதுகூடத் தெரியாது. அவருடைய செயலுக்கு முடிவின் பெயரைச் சூட்டுவது பொருட்பிழை. அதைவிட வருந்தத்தக்கது, எதிரில் நிற்கும் மனிதர் அச்சொல்லில் வெறும் முகவரியாகிவிடுவது.

‘மக்கள் தொடர்பு’ என்பாரும் உண்டு. அது அலுவலகங்களின் விளம்பரத் துறைக்கு உரியதாகிவிட்டது. ‘சுவிசேஷ ஊழியம்’ நல்ல வழக்கே என்றாலும், மருத்துவ முகாமையும் தண்ணீர்ப் பந்தலையும் உள்ளடக்கும் அளவுக்கு அது விரியாது.

தமிழ் இதற்கு ஏற்ற வினையை முன்பே வைத்திருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ‘இல்லம் தேடிக் கல்வி’ ஆகிய திட்டங்களின் பெயர்கள் யாருக்கும் விளக்கமின்றிப் புரிந்தன. ‘இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவுமே மனுஷகுமாரன் வந்திருக்கிறார்’ என்ற லூக்கா 19:10 வசனத்தை ஞாயிறுதோறும் வேதம் வாசிப்போர் அறிவர். ஆகவே ‘மக்களைத் தேடிச் செல்லும் பணி’ என்பதே பொருத்தமானது. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையார் ‘பணி’ என்பதற்குப் பதிலாகத் தங்கள் வழக்கப்படி ‘ஊழியம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். நீளமாக இருக்கிறது என்பார்கள். ஆங்கிலம் ஒரு சொல்லால் சொல்வதைத் தமிழும் ஒரு சொல்லாலேயே சொல்லியாக வேண்டும் என்ற மொழிபெயர்ப்பாளர்களின் பிடிவாதமே இத்தகைய உயிரற்ற ஆக்கங்களைப் பெருக்குகிறது. பல இடங்களில் பெயர்ச்சொல்லே தேவைப்படாது: ‘சனிக்கிழமை மாலை சந்தையில் மக்களைச் சந்திக்கப் போகிறோம், வாருங்கள்’ என்று அறிவித்தாலே சபையார் அனைவருக்கும் விளங்கும்.