இந்த பேக்கேஜை இன்னும் யாராவது பார்த்துக்கொள்கிறார்களா?

ஒரு சின்ன செயலிக்காக நாம் நேரடியாகச் சேர்ப்பது பத்துப் பதினைந்து பேக்கேஜ்கள்தான் (மற்றவர்கள் எழுதி வெளியிட்ட நிரல் தொகுப்புகள்) இருக்கும். அவை ஒவ்வொன்றும் வேறு சிலவற்றை இழுத்துக்கொண்டு வர, பட்டியல் எளிதாக நூறைத் தாண்டிவிடும். இவற்றில் எதற்கு இன்னும் ஆள் இருக்கிறார், எது கைவிடப்பட்டது என்று கையால் தேட யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஸ்கிரிப்டிடம், அதாவது இதற்கென எழுதிய ஒரு சின்ன நிரலிடம், விட்டுவிடுகிறார்கள்.

ஸ்கிரிப்ட் முதலில் செயலியின் லாக் ஃபைலைப் (lock file) படிக்கும். எந்த பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு பெயராக எடுத்து, பேக்கேஜ்கள் வெளியாகும் பைபிஐ, என்பிஎம் போன்ற பதிவகங்களின் ஏபிஐயிடம் (நிரல்கள் தகவல் கேட்பதற்கான வாசல்) கடைசி வெளியீடு எது, எப்போது வந்தது என்று விசாரிக்கும். நிரல்களின் மூலத்தை வைக்கும் கிட்ஹப் தளத்தில் அந்த பேக்கேஜின் களஞ்சியம் ஆர்கைவ் செய்யப்பட்டுவிட்டதா, அதாவது இனி மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டுவிட்டதா என்றும் பார்க்கும். இப்படிக் கேட்பதற்கும் அளவு உண்டு: கிட்ஹப்பில் டோக்கன் (யார் கேட்கிறார் என்று காட்டும் சாவி) இல்லாமல் மணிக்கு 60 கோரிக்கைகள், டோக்கனோடு 5000.

பதிப்புகளை ஒப்பிடுவது சுலபம்போலத் தெரியும். 1.9, 1.10 இரண்டில் எது புதிது? எழுத்துகளாக வரிசைப்படுத்தினாலும், தசம எண்ணாக எடுத்தாலும் 1.9தான் பெரிது என்று வரும், இரண்டுமே தப்பு. புள்ளிகளுக்கு இடையில் உள்ள ஒவ்வொரு பகுதியையும் தனி எண்ணாகப் பார்க்க வேண்டும். முன்னோட்ட வெளியீடுகள் இன்னொரு தலைவலி. லினக்ஸ் இயங்குதளமான டெபியன் அதற்கு '~' குறியை வைத்திருக்கிறது: 1.0~ஆர்சி1 என்ற முன்னோட்டம் 1.0க்கு முந்தியது என்று கணக்கு. அங்கே பேக்கேஜோடு வரும் 'வாட்ச்' கோப்பில் மூலத் தளத்தின் முகவரி இருக்கும். யூஸ்கேன் என்ற நிரல் அதை வைத்துப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடும். பராமரிப்பவர் விலகினால் பேக்கேஜை 'அனாதை' என்று அறிவித்து, தரத்தைக் கவனிக்கும் க்யூஏ குழுவின் பெயருக்கு மாற்றுவார்கள். ஒரு மனிதர் வெளிப்படையாகச் சொன்ன தகவல் என்பதால், எந்தக் கணிப்பையும்விட நான் இதைத்தான் நம்புவேன்.

சொல்லாமல் போனவர்கள் விஷயம்தான் கஷ்டம். ஓப்பன்எஸ்எஸ்எஃப் ஸ்கோர்கார்டு என்ற கருவி கடந்த 90 நாள்களைப் பார்க்கிறது. வாரத்துக்கு ஒரு கமிட்டாவது (நிரலில் பதிவான மாற்றம்) இருந்தால் முழு மதிப்பெண். ஆர்கைவ் ஆகியிருந்தால் பூஜ்யம். சரி, கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் எழுதிய அச்சுக்கோப்பு நிரலான டெக் என்ன ஆகும்? ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் பதிப்பு எண் கணிதத்தின் பை (π) மதிப்பிலிருந்து இன்னொரு இலக்கத்தைச் சேர்த்துக்கொள்கிறது, 2021இல் 3.141592653 ஆனது. புதிய வசதிகள் வராது என்று அவரே சொல்லிவிட்டார். வருடக்கணக்கில் அமைதியாக இருந்தாலும் அதைக் கைவிடப்பட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் கமிட்டை எண்ணுவதோடு நிற்காமல், பதில் வராத பிழைப் புகார்களையும் மூடப்படாத பாதுகாப்பு ஓட்டைகளையும் ஸ்கிரிப்ட் எண்ண வேண்டும். யாரும் எதுவும் கேட்காததால் அமைதியாக இருக்கும் பேக்கேஜ் வேறு, கேட்டும் பதில் இல்லாதது வேறு.

சுறுசுறுப்பாக இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜின் பொறுப்பை அதன் ஆசிரியர் உதவ முன்வந்த ஒரு புதியவரிடம் கொடுத்தார். அந்தப் புதியவர் அதில் சேர்த்த இன்னொரு பேக்கேஜில் பிட்காயின் திருடும் நிரல் இருந்தது. 2024இல், கோப்புகளைச் சுருக்கும் நிரலான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தவர், நெடுநாள் ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்த இணைப் பராமரிப்பாளர். கமிட் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு அதில் சந்தேகப்பட எதுவுமே இல்லை. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

எனவே வெளியிடும் உரிமை யார் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலையும் ஸ்கிரிப்ட் சேமித்துவைக்க வேண்டும். புதுப் பெயர் ஒன்று சேர்ந்தால், ஒரு மனிதர் மாற்றங்களைத் திறந்து பார்க்கும்வரை அடுத்த பதிப்பை ஏற்காமல் நிறுத்திவைக்கலாம். மாற்றங்கள் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் மட்டும் பார்த்தால் போதாது. எக்ஸ்இசட்டின் பின்கதவை உயிர்ப்பித்த துண்டு அங்கே இல்லை. வெளியீட்டு டார்பாலில் (பதிவிறக்கத் தரும் சுருக்கிய கோப்புக் கட்டு) மட்டும்தான் இருந்தது.