இழைமணியும் கடைமடையும்

கும்பகோணத்தில் ஒரு மருந்துக்கடை. சத்து மாத்திரை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியம்மா, “அதுல என்ன எழுதியிருக்கு தம்பி?” என்றார். “ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்குமாம்” என்று தமிழாக்கிச் சொன்னேன். “பிரஷர் மாத்திரையா? அதான் காலைல ஒண்ணு போடுறேனே!” என்றார். தப்பு அந்தச் சொல்லின் மேல்தான்.

அந்தச் சொல்லின் கதை செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பில் தொடங்குகிறது. எனவே முதலில் அது, மைட்டோகாண்ட்ரியா. 1898-இல் ஜெர்மானியர் கார்ல் பெண்டா வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘மைட்டோஸ்’ நூல், ‘காண்ட்ரியன்’ சிறுமணி. விந்தணு உருவாகும் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தவருக்கு, மணிகளைக் கோத்துவைத்த நூல்போல அவை தெரிந்தன. தமிழில் இழைமணி. திருபுவனம் தறியில் இழை, களத்துமேட்டில் நெல்மணி. இரண்டும் நமக்குப் பழக்கம். இதைவிடப் பொருந்திய கலைச்சொல் அபூர்வம். பிறகும் ஏன் பாதிப் பேர் ‘மைட்டோ’ என்று இழுக்கிறார்களோ!

இழைமணியின் வேலையை டெல்டாக்காரருக்குச் சொல்வது சுலபம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, மதகு மதகாக இறங்கிக் கடைமடைக்குப் போகிறதல்லவா? உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்களும் இழைமணியின் உள்சவ்வில் புரதத் தொகுதிகள் வழியே அப்படித்தான் கைமாறி இறங்குகின்றன. இறங்கும் விசையில்தான் ஏடிபி என்னும் ஆற்றல் சரக்கு தயாராகிறது. கடைமடையில் காத்திருப்பது ஆக்சிஜன். எலக்ட்ரானை வாங்கித் தண்ணீராகிவிடும். ஆனால் முதலாம், மூன்றாம் தொகுதிகளில் கரை கொஞ்சம் கசியும். கசிந்த எலக்ட்ரானை ஆக்சிஜன் நடுவழியிலேயே பிடித்துக்கொண்டால், சூப்பர்ஆக்சைடு என்னும் துடுக்கான ஆக்சிஜன் வடிவமாகிவிடும். கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாவற்றையும் சேதப்படுத்தும் வினைகள் அதிலிருந்து கிளம்பும். உடைப்பை அடைக்க ஆள் நிற்பதுபோல, சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற நொதிகள் நிற்கின்றன. கசிவு அடைப்பை மிஞ்சும் நிலைக்குத்தான் ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ என்று பெயர். 1985-இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் அதை வரையறுத்தார்.

இதில் அழுத்தம் எங்கே வந்தது? ஸ்ட்ரெஸ் என்றதும் அழுத்தம் என்று எழுதும் பழக்கம், அவ்வளவுதான். ‘ஆக்சிஜனேற்ற நெருக்கடி’ என்பது என் தேர்வு. பெரியம்மா “என்ன நெருக்கடி?” என்றாவது கேட்டிருப்பார்.

மூப்புக்கு இந்தக் கசிவே காரணம் என்ற கருத்து அமெரிக்க அறிவியலாளர் டென்ஹாம் ஹார்மனுடையது. 1956-இல் தொடங்கி, 1972-இல் இழைமணியைக் குறிவைத்தார். இழைமணிக்குச் சொந்த டிஎன்ஏ உண்டு: 16,569 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்), 37 மரபணுக்கள், தாய்வழியில் மட்டுமே வருவது. கசியும் கரையை ஒட்டிக் கட்டிய வீடு மாதிரி அதன் இருப்பு. கேட்க நன்றாக இருந்தது, விடை அத்தனை நேராக வரவில்லை. இழைமணி டிஎன்ஏவைப் பிழையாகப் படியெடுக்கும் எலிகளை 2004-இல் உருவாக்கினார்கள். சீக்கிரமே முடி கொட்டி, எலும்பு மெலிந்து மூத்துப்போயின. ஆனால் ஆக்சிஜனேற்றச் சேதம் பெரிதாகக் கூடியிருக்கவில்லை. 1994-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என நம்பப்பட்ட பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுக்கப்பட்ட புகைப்பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவதற்குப் பதில் கூடியது. சிறு கசிவு செல்லுக்குச் சேதி சொல்லும் குறிப்பாகவும் பயன்படுகிறது. டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. ‘ஏஜிங்’ என்பதற்கு ‘முதுமை’ போடாதீர்கள். அது பருவத்தின் பெயர். நடந்துகொண்டிருப்பது மூப்படைதல். நரை, திரை, மூப்பு என்று நம் பாட்டிமார் வரிசைப்படுத்துவதில் மூன்றாவது.